காத்திருக்கத் தெரிந்த பதிப்பு

ஐந்தாம் வார்டில் பேச முடியாதவர்கள் எல்லோரும் மிக அழகாகப் பேசினார்கள்.

பக்கவாதத்தில் நாக்கு குழறிப்போனவர்களுக்கும், தலையில் அடிபட்டுச் சொற்களைத் தொலைத்தவர்களுக்கும் அடையல்குளம் அரசு மருத்துவமனையில் கழுத்தில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். தொண்டை துடிப்பதையும் நாக்கு தடுமாறுவதையும் அந்தப் பட்டை கவனித்து, கீழ்த்தளத்து அறையில் இருக்கும் கணினிக்கு அனுப்பும். மனிதர் என்ன சொல்ல வருகிறார் என்று கணினி பிடித்து, அவருடைய குரலிலேயே பேச்சாக்கித் திருப்பி அனுப்பும். மருத்துவமனை முழுமைக்கும் அந்த ஒரே கணினிதான்.

முன்பெல்லாம் பட்டை மெதுவாகத்தான் பேசியது. போன மாதம் கணினியில் பன்னிரண்டாம் பதிப்பு என்று ஏதோ வந்தது. அதிலிருந்து வார்டில் திக்கலும் இல்லை, திணறலும் இல்லை. மூன்றாவது படுக்கைப் பூலோகபாண்டி, மூத்திரம் முட்டும்போது வாயைத் திறந்தால், "சுகாதார வசதி தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்தை ஈர்க்க விரும்புகிறேன்" என்று தொடங்கி, துறையின் சாதனைகளைத் தொட்டு, நன்றியுரையில் முடிந்தது. வார்டு ஊழியர் மரியாதையாக முழுவதையும் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுத்து வருவதற்குள் மெத்தை நனைந்திருக்கும். ஒரு மத்தியானம் பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளில் இருந்த இரண்டு பெரியவர்கள் வெகுநேரம் நாட்டு நடப்பு பேசிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் எப்போதோ தூங்கியிருந்தார்கள். பட்டைகள் மட்டும் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டிருந்தன.

புகார் எதுவும் வரவில்லை. புகார் சொல்ல வாயெடுத்தவர்களின் வாக்கியங்களைப் பட்டையே வாழ்த்தாக முடித்து வைத்தது. மருத்துவக் கண்காணிப்பாளர் டாக்டர் மகுடேஸ்வரன் இதை மேலிடத்துக்கு எழுதி, மேலிடம் மகிழ்ந்து, அமைச்சரே நேரில் வருவதாக முடிவாயிற்று.

அமைச்சர் வருவதற்கு முந்தின நாள், கணினி அறையில் ரெஜினா தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்திருந்தபோது, ஒரு அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏம்மா, கம்ப்யூட்டரப் பாக்கிறது நீதானா?"

"ஆமாக்கா. என்ன விஷயம்?"

"எங்க வீட்டுக்காரர எனக்குத் திருப்பித் தரணும்."

ரெஜினா கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்தாள். "அவிய எந்த வார்டு?"

"அஞ்சு. பேரு யேசுவடியான். பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவிய. என் பேரு தவமணி. ஆளு அங்கதான் கெடக்காவ. ஆனா பேசுதது அவிய இல்ல."

"புரியலையே அக்கா."

"நேத்து நான் உள்ள போனதும் என்னயப் பாத்து, 'அன்பிற்குரிய துணைவியாரே, தங்கள் வருகை எனக்கு அளவற்ற மகிழ்ச்சியை அளிக்கிறது'ங்காவ. எனக்குக் கூச்சமாப் போச்சு. பக்கத்து பெட்டுக்காரி சிரிக்கா. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இந்த மனுசன் என்னய வரவேத்தது கெடையாது. 'வந்துட்டியா'ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அது எனக்குப் போதும்மா."

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. தவமணியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நீ சிரி, பரவால்ல. நாளைக்கு மத்தியானம் அவியளுக்குக் கால எடுக்கப் போறாவ."

சர்க்கரைப் புண் முற்றி யேசுவடியானின் வலது பாதம் கறுத்துப்போயிருந்தது. அறுவை மருத்துவர் நிலோஃபர் படுக்கை அருகே வந்து நின்று, காலை எடுக்கச் சம்மதமா என்று கேட்டாராம்.

"கேட்ட வாயி மூடல, 'மருத்துவக் குழுவின் முடிவுக்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன், ஒத்துழைப்புக்கு நன்றி'ன்னு வந்துட்டு. டாக்டரம்மா போயிட்டாவ. நான் இவிய கண்ணத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பேச்சு நின்ன பொறவும் தொண்ட ஏறி ஏறி எறங்குது. வேற என்னமோ சொல்ல வந்தாவ. பட்டை விடல."

"வேண்டாம்னு சொல்ல வந்திருப்பாவளோ?"

"யாருக்குத் தெரியும்? எடுக்கலைன்னா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. நியாயந்தான். எடுக்கட்டும். ஆனா அது அவிய காலு. அவிய வாயால ஒரு வார்த்த சொல்லணுமா, வேண்டாமா?"

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க அக்கா. மல்லின்னு ஒரு மொழி இருக்கு. கணினிக்கு நாம வேலை சொல்லுத மொழி. பட்டைக்கு வேண்டிய கட்டளையெல்லாம் அதுலதான் எழுதியிருக்கு. எழுதினப்ப மல்லி நாலாம் பதிப்புல இருந்துச்சு. அதுல 'காத்திரு'ன்னு ஒரு கட்டளை. பேச்சு பாதில நின்னா, ஆளு முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்கும்."

"நல்ல புள்ளையாட்டம்."

"பொறவு பதிப்பு ஏறிக்கிட்டே வந்துச்சு. காத்திருக்கது வீண் வேலைன்னு மொழியச் செஞ்சவங்க முடிவு பண்ணிட்டாங்க. பன்னெண்டாம் பதிப்பு அதே கட்டளையப் பாத்தா, மிச்சத்த அதுவே நிரப்பிரும். அரசாணை, சுற்றறிக்கை, வரவேற்புரை எல்லாம் படிச்சு வச்சிருக்கு. அதுலேர்ந்து எடுத்துப் போட்டுரும்."

"அப்போ அந்தப் பழசு செத்துட்டா?"

"இல்லக்கா. ஒரே கணினிக்குள்ள எல்லாப் பதிப்பும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். நம்ம ஆஸ்பத்திரி சமையக்கட்டுல ஒரே அடுப்புலதான உப்பில்லாக் கஞ்சியும் வைக்காவ, குழம்பும் வைக்காவ? எந்த பெட்டுக்கு எதுன்னு தட்டுல சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு இல்லாத தட்டுக்குப் பொதுச் சாப்பாடு. அது மாதிரி கணினிக்குள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அறை. அந்த அறைக்குள்ள நின்னுக்கிட்டு 'இங்க நாலு'ன்னு சொன்னா, அவருக்கு மட்டும் நாலாம் பதிப்பு. சொல்லலைன்னா பொதுவுல எதுவோ அது. இப்ப பொதுவுல பன்னெண்டு."

"அப்படின்னா எங்க வீட்டுக்காரருக்கு உப்பில்லாக் கஞ்சியவே ஊத்து தாயி. வேற ஒண்ணும் கேக்கல."

நாளைய விழாவே அந்தக் கஞ்சியைக் கொட்டிவிடத்தான் என்று ரெஜினாவுக்குத் தெரியும். 'ஒரே கணினி, ஒரே பதிப்பு' என்று திட்டத்துக்குப் பெயர். அமைச்சர் ஒரு பொத்தானை அழுத்துவார். பழைய பதிப்புகள் எல்லாம் அழிந்துபோகும். ஆய்வுக் கூட்டத்தில் கண்காணிப்பாளர் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "பழைய பதிப்புகளை" என்று தொடங்கியவர், மூச்சுகூட வாங்காமல், "பொதுநலன் கருதி உடனடியாக அகற்றி, அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்" என்று முடித்தார். ஒரு காலத்தில் அவர் முன்கோபி. ஒரு வாக்கியத்தை மூன்று முறை தொடங்கி, நாலாவது முறை மேசையைத் தட்டுவார். கண் சிகிச்சை என்று நீண்ட விடுப்பில் போய், போன மாதம் திரும்பிய பிறகு ஆள் மாறிவிட்டார். வெயில் காலத்திலும் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டு. பேச்சில் ஒரு இடறல் இல்லை. பெரிய பதவி மனிதரைப் பக்குவப்படுத்திவிட்டதாக ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

"அக்கா, நாளைக்கு மந்திரியம்மா பொத்தான அமுக்கினா பழைய பதிப்பெல்லாம் அழிஞ்சிரும். இப்ப போயி அதைத் தொட்டேன்னு தெரிஞ்சா என் வேலைக்கு ஆபத்து."

"நாளைக்குக் காலைல, அந்த அம்மா பொத்தான அமுக்குத வரைக்கும். அவிய ஒத்த வார்த்த சொல்லட்டும். பொறவு நீ அழிச்சுக்கோ."

தவமணி அழவில்லை, காலில் விழவில்லை. டப்பாவைப் பார்த்து, "சோறு காயுது, சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். தன் கணவனின் காலை நாளைக்கு எடுக்கப்போகிறார்கள் என்ற நிலையிலும் இன்னொருத்தி பசியைக் கவனிக்கிற மனம் சிலருக்குக் கடவுள் கொடுத்திருக்கிறார். ரெஜினாவால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

"சரிக்கா. காலைல மாத்தி வைக்கேன்."

மறுநாள் காலை மருத்துவமனை கல்யாண வீடாக இருந்தது. கூட்ட அரங்கில் திரை தொங்கவில்லை, மைக் இரைகிறது, வாழைமரம் கட்டியவன் மின்சார வயரோடு சேர்த்துக் கட்டிவிட்டான் என்று ஆள்மாற்றி ஆள் ரெஜினாவைக் கூப்பிட்டார்கள். கிடைத்த இடைவெளியில் கீழ்த்தளத்துக்கு ஓடினாள். கணினியைத் திறந்தாள். தொலைபேசி அடித்தது. தோளில் அதை இடுக்கிக்கொண்டு, "வந்துட்டேன் சார், வந்துட்டேன்" என்றபடியே 'இங்க நாலு' என்ற கட்டளையைத் தட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

ஒரே கணினியில் பல பதிப்புகளை வைத்து மேய்ப்பவர்கள் எல்லோரும் என்றாவது செய்கிற தவறு அது. கட்டளை சரி. நின்ற இடம்தான் தவறு. யேசுவடியானின் அறைக்குள் நுழையாமல், வெளியே பொதுவில் நின்றுகொண்டு சொல்லிவிட்டாள். கணினி திருப்பிக் கேட்கவில்லை. மருத்துவமனை முழுவதற்கும் உப்பில்லாக் கஞ்சியை ஊற்றிவிட்டது.

அரங்கின் முன்வரிசையில் நோயாளிகளைச் சக்கர நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ரோஜா. மேடையில் வெல்வெட் துணி விரித்த மேசை, அதன் நடுவில் சிவப்புப் பொத்தான். அமைச்சர் அம்மையார் வந்தார், பொன்னாடை போர்த்தினார்கள், எல்லோரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் மகுடேஸ்வரன் மைக் முன்னால் வந்து கைகூப்பினார்.

"பெருமதிப்பிற்குரிய" என்றார்.

நின்றுவிட்டார்.

உதடு அசைந்தது. ஒலி வரவில்லை. அரங்கம் இதை உணர்ச்சிப்பெருக்கு என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. கைதட்டி முடிந்தும் அவர் அப்படியே நின்றார். அமைச்சரின் உதவியாளர் எழுந்து ஓரமாக வந்து, "டாக்டர் சார், மேடத்துக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கு" என்று கிசுகிசுத்தார். மகுடேஸ்வரனின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

அந்த நிசப்தத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பூலோகபாண்டி.

"ஒண்…"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒண்ணு…க்கு… வருது."

வார்டு ஊழியர் ஒரு கணம் மேற்கொண்டு சாதனைப் பட்டியலுக்காகக் காத்தார். ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அந்த மாதத்தில் முதல்முறையாக நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அதற்குள் அடுத்த நாற்காலியிலிருந்த பாட்டியம்மாள் தன் மடியிலிருந்த ரோஜாவை வெறித்தபடி, இழுத்து இழுத்து, "நன்றி… நன்றின்னு… நான்… சொல்லவே… இல்ல. ஃபேன… போடு" என்றாள். இதற்கும் சிரித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் சிரிப்பு பாதியில் இறங்கிவிட்டது. அரங்கில் உண்மையிலேயே புழுக்கமாக இருந்தது. யாரும் அதுவரை சொல்லத் துணியவில்லை.

சுவரோரமாக நின்ற ரெஜினாவுக்கு விளங்கிவிட்டது. நேராக மேடையேறிக் கண்காணிப்பாளரிடம் போனாள்.

"சார், தப்பு என்னுது. ஒருத்தருக்கு மாத்தப் போயி பொதுவுல மாத்திட்டேன். எல்லாருக்கும் நாலாம் பதிப்பு ஓடுது. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிருதேன்."

திரும்பியவளின் கையை அவர் எட்டிப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கம்பளித் துண்டு நழுவியது. அவர் கழுத்தில் பட்டை இருந்தது.

மேடையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவர் துண்டை எடுக்கக் குனியவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. கணினி காத்திருந்தது, ஆகவே மனிதர்களும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"தொடா…தீங்க" என்றார்.

பிறகு வெகுநேரம் கழித்து, "அன்னிக்கு… கூட்டத்துல… இதத்தான்… சொல்ல… வந்தேன்."

ரெஜினா புரியாமல் நின்றாள். பிறகு புரிந்தது. பழைய பதிப்புகளைத் தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்த மனிதரின் வாக்கியத்தை, அவர் கழுத்தில் ஒளிந்திருந்த பட்டையே அகற்றச் சொல்லி முடித்துவிட்டது. அந்த ஒரு வாக்கியத்திலிருந்து அறிக்கை கிளம்பி, அறிக்கையிலிருந்து திட்டம் கிளம்பி, திட்டத்திலிருந்து வாழைமரமும் பொன்னாடையும் சிவப்புப் பொத்தானும் முளைத்திருந்தன. பக்கவாதம் வந்த டாக்டரை நாற்காலியில் விட்டுவைப்பார்களா என்று பயந்து அவர் துண்டைப் போர்த்திக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து வந்த சொற்களுக்குத் தலையாட்டியே ஒரு பொழுதும் தன் பேச்சைப் பேசாமல் அதிகாரம் செய்திருக்கிறார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதிகாரிகள் பேசுகிறபடியேதான் அவர் பேசினார்.

உதவியாளர் அமைச்சரின் காதருகே குனிந்தார். "மேடம், பொத்தானை அமுக்கிட்டுக் கெளம்பிடலாம்."

அமைச்சர் நல்லவரா கெட்டவரா என்று அந்த ஊருக்குத் தெரியாது. ஆனால் அன்று அவர், "இருய்யா, அவர் இன்னும் ஏதோ சொல்ல வர்றாரு" என்றார். அவ்வளவுதான். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மகுடேஸ்வரன் பக்கம் தள்ளிவிட்டார். அவர் உட்கார்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று. அமைச்சருக்கு அடுத்த நிகழ்ச்சி தவறியது. போகும்போது தோளிலிருந்த பொன்னாடையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது பொத்தானை மூடிக்கொண்டது. தெரிந்து வைத்தாரா, பாரமாக இருந்ததால் வைத்தாரா, யாரும் கேட்கவில்லை.

விழா பற்றிய செய்திக்குறிப்பு அன்றே தலைநகரில் ஒரு அலுவலகத்தில் தயாராயிற்று. அங்கே பன்னிரண்டாம் பதிப்புதான் ஓடுகிறது. திட்டம் பலத்த கரவொலிக்கிடையே தொடங்கி வைக்கப்பட்டதாக அது எழுதியது. ஆகவே மேலிடத்தைப் பொறுத்தவரை அடையல்குளத்தில் பழைய பதிப்பு எதுவும் இல்லை. இல்லாத ஒன்றை அழிக்கச் சொல்லி இன்றுவரை யாரும் உத்தரவு போடவில்லை.

மத்தியானம் டாக்டர் நிலோஃபர் ஐந்தாம் வார்டுக்கு வந்தார். யேசுவடியானுக்குப் பச்சை அங்கி மாட்டியிருந்தார்கள். தள்ளுவண்டியோடு ஒரு ஊழியர் வாசலில் நின்றார். நிலோஃபர் முந்தைய நாள்போல நின்றுகொண்டு கேட்கவில்லை. படுக்கை விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஐயா, நேத்து நான் அவசரமாக் கேட்டுட்டுப் போயிட்டேன். மன்னிச்சுக்கங்க. வலது கால முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். எடுக்கலைன்னா விஷம் மேல ஏறிரும். உங்களுக்குச் சம்மதமா?"

யேசுவடியான் அவரைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். தொண்டை அசைந்தது.

பட்டை பேசவில்லை.

தவமணிக்கு அதுதான் கடினமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை முடித்து வைப்பவள் அவள்தான். அவர் "அந்த…" என்றால் செம்பை எடுத்து நீட்டுவாள். "நாளைக்கு…" என்றால், "ஆமா, போவணும்" என்பாள். அவர் வேறெதுவும் சொல்ல வந்திருக்கலாம் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. இப்போது நாக்கு நுனியில் பத்துச் சொற்கள் வந்து நின்றன. முந்தானையை வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மேடம், தியேட்டர் ரெடி" என்றார் வாசலில் நின்றவர். நிலோஃபர் கையால் அமர்த்தினார்.

"எடு…"

ஜன்னலுக்கு வெளியே யாரோ பந்தல் கம்புகளைப் பிரித்து அடுக்கும் சத்தம்.

"எடுங்க."

நிலோஃபர் மூச்சுவிட்டார். "நல்லதுங்க ஐயா" என்று எழுந்தார். வண்டி உள்ளே வந்தது. பன்னிரண்டாம் பதிப்பு முந்தைய நாள் சொன்னதும் இதே சம்மதம்தான். அது பொய் சொல்லியிருக்கவில்லை.

"இருங்கம்மா" என்றாள் தவமணி. "அவிய இன்னும் முடிக்கல."

நிலோஃபர் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். தொண்டை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பட்டை பொறுத்திருந்தது. மருத்துவர் மறுபடி உட்கார்ந்தார். வண்டிக்காரரும் தள்ளுவதை விட்டுவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பயமா…" என்றார் யேசுவடியான். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. "பயமா… இருக்கு."

எத்தனையோ வருடங்கள் மலைப்பாதையில் மழையிலும் இருட்டிலும் பஸ் ஓட்டிய மனிதர். இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து தவமணி கேட்டதே இல்லை. கேட்க அவள் நேரம் கொடுத்ததில்லையோ என்னவோ. கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்குந்தான் பயமா இருக்கு. ரெண்டு பேரும் சேந்தே பயப்படுவோம்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தவமணி அவர் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். தியேட்டர் வாசலில் சிவப்புக் கோட்டருகே, உறவினர்கள் நிற்க வேண்டிய இடத்தில், வழக்கப்படி நின்றாள். கையை விட்டாள்.

நிலோஃபர் கதவைத் திறந்து தோளால் தாங்கிக்கொண்டார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்கம்மா. அவர் தூங்குற வரைக்கும் உள்ள இருங்க."